பனியாற்று நடைப்பயணம்: கயிற்றின் மறுமுனையில் நிற்பவர் நீங்கள்

பன்னிரண்டு நாள் பனியாற்றுப் பயணத்துக்குப் பணம் கட்டியாயிற்று, சாதாரண மலைகளில் நடந்த பழக்கம் உண்டு, பனியில் மட்டும் இதுவரை கால் வைத்ததில்லை, தேர்ந்த வழிகாட்டி உடன் வருகிறார், அப்படியானால் நான் தனியாக என்ன தயார் செய்துகொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த "அப்படியானால்" என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

பனியாற்றின் (மலைச்சரிவில் மெல்ல நகரும் பனிக்கட்டிப் பரப்பின், கிளேசியரின்) மேல்பகுதியில் எல்லோரும் ஒரே கயிற்றில் பிணைந்து வரிசையாக நடப்பார்கள். ஏறும்போது பெரும்பாலும் முதலில் போகிறவர் வழிகாட்டிதான். அடியில் ஆழமான பிளவு வாய் திறந்திருக்கும். மேலே பனி மூடி, மெத்தை விரித்தாற்போல் சமமாகத் தெரியும். அந்த மூடியின் மேல் முதல் காலை வைப்பவர் அவர். ஆகவே உள்ளே போகும் வாய்ப்பும் அவருக்கே அதிகம். அவர் போய்விட்டால் அந்தக் கயிற்றில் மேலே நிற்பது யார்? நீங்களும், உங்களைப் போலவே பணம் கட்டி வந்த இன்னும் இரண்டு பேரும்தான். கூடாரம், சமையல், வழி பார்த்தல் எல்லாவற்றையும் அவருடைய குழு கவனித்துக்கொள்ளும். அவர் உங்களுக்காகச் செய்யவே முடியாத சில காரியங்கள் இருக்கின்றன. உங்கள் தயாரிப்பு முழுவதும் அவற்றைப் பற்றியதாக இருக்கட்டும்.

முதல் செலவு உபகரணத்துக்கு வேண்டாம், பயிற்சிக்கு இருக்கட்டும். பனிப்பயிற்சி தரும் மலையேற்றப் பள்ளியில் இரண்டு மூன்று நாள் போதும். அதற்கு வழியில்லை என்றால், பயணத்தின் தொடக்கத்தில் பயிற்சிக்கென்று முழு நாள் ஒதுக்கியிருக்கிறார்களா என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். "போகிற வழியில் சொல்லித்தருவோம்" என்ற பதிலை நான் ஏற்பதில்லை. கற்க வேண்டியது மலையளவு ஒன்றும் இல்லை. கயிற்றில் இருவருக்கு இடையே பொதுவாக 8 முதல் 12 மீட்டர் இடைவெளி விடுவார்கள். ஆட்கள் குறைந்தால் இடைவெளி கூடும். கயிறு பனியைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். மூன்று மீட்டர் தளர்வு இருந்தால், விழுகிறவர் அந்த மூன்று மீட்டரையும் வெட்டவெளியில் கடந்த பிறகு, அந்த வேகத்தோடுதான் உங்களை இழுப்பார். புதியவர்கள் பலர் மிஞ்சிய கயிற்றைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள். அதைச் செய்யவே கூடாது. முன்னால் இருப்பவர் நின்றால் நீங்களும் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். பேசுவதற்கோ படம் எடுப்பதற்கோ அவர் அருகில் போக வேண்டாம்.

யாராவது உள்ளே போனால் செய்ய வேண்டியது ஒன்றே. அந்தக் கணமே பனியில் விழுந்து, கோடரியையும் கால்களையும் ஊன்றி, எடையைத் தாங்குவது. என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்க்க விளிம்புக்கு ஓடுகிறவர் அடுத்து உள்ளே போகிறவர். மேலே இழுக்கும் உத்திகளை, வேறு கயிற்றில் வரும் வழிகாட்டியின் துணையாள் தெரிந்து வைத்திருப்பார். ஆனால் அவர் வந்து பனியில் பிடிமானம் (நங்கூரம்) அடித்துக் கயிற்றை அதற்கு மாற்றும் வரை தாங்கிக் கிடப்பது உங்கள் வேலை. இதோடு, 6 மில்லிமீட்டர் துணைக்கயிற்றைப் பெரிய கயிற்றில் சுற்றிப் போடும் புரூசிக் முடிச்சைப் பழகுங்கள். எடை விழுந்தால் இறுகும், எடை நீங்கினால் நகரும் முடிச்சு அது. பிளவுக்குள் தொங்குகிறவர் தானே ஏறி வர உதவுவதும் அதுதான். வீட்டில் நாற்காலிக் காலில் கயிற்றைக் கட்டி, தடித்த கையுறையோடு, கண்ணை மூடிக்கொண்டு போட வரும் வரை பழக வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

தமிழில் பனிப்பாறை என்றே எழுதிப் பழகிவிட்டோம். பாறை என்றதும் அசையாத பொருள் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பனியாறு என்பதே பொருத்தமான சொல். அது உண்மையிலேயே ஓடுகிறது, வளைவுகளில் கிழிகிறது, தரை செங்குத்தாகச் சரியும் இடங்களில் கோபுரங்களாக உடைந்து நிற்கிறது. ஆண்டுதோறும் விழும் பனி உருகித் தீராமல் சேர்ந்துகொண்டே போவது மேல்பகுதி. கோடையில் பனிப்போர்வை உருகிப்போய் வெறும் பனிக்கட்டி தெரிவது கீழ்ப்பகுதி. கீழே பிளவுகள் கண்ணுக்குத் தெரியும், தாண்டலாம் அல்லது சுற்றிப் போகலாம். ஒருவர் வழுக்கினால் மற்றவர்களையும் இழுத்துவிடுவார் என்பதால் பல வழிகாட்டிகள் அங்கே கயிறு கட்டுவதில்லை. மேலே பிளவுகள் தெரியாது, அதனால் கட்டுகிறார்கள். முதல்முறை போகிறவருக்கு இது தலைகீழாகப் படும். பயங்கரமான பிளவுகளுக்கு நடுவே சும்மா நடத்திக் கூட்டி வந்தவர், அழகான வெள்ளைச் சமவெளியைப் பார்த்ததும் கயிற்றை எடுக்கிறாரே என்று தோன்றும். அந்தச் சமவெளியில்தான் பயப்பட வேண்டும்.

நேரமும் இதே கணக்குத்தான். இரவுக் குளிரில் இறுகிய பனிப்பாலம் விடியற்காலையில் ஆளைத் தாங்கும், மதியத்தில் தாங்காது. பனி உருகி ஓடும் ஓடைகளும் காலையில் கணுக்கால் அளவில் இருந்து பிற்பகலில் தொடை அளவுக்கு ஏறிவிடும். அதனால் அதிகாலை இரண்டு மூன்று மணிக்கு எழுப்புவார்கள். தலைவிளக்கு வெளிச்சத்தில், உறைந்த விரல்களால், ஹார்னஸையும் (கயிற்றைப் பிணைக்கும் இடுப்புப் பட்டை) கிராம்பானையும் (ஷூவின் அடியில் மாட்டும் இரும்பு முள்சட்டம்) மாட்ட வேண்டியிருக்கும். நீங்கள் ஒருவர் இருபது நிமிடம் தாமதித்தால் குழு முழுவதும் இருபது நிமிடம் குளிரில் நிற்கும். கிராம்பானை உங்கள் ஷூவுக்கு ஏற்ற அளவில் வீட்டிலேயே பொருத்திச் சரிசெய்யுங்கள். விளக்கை அணைத்துவிட்டு மாட்டிக் கழற்றிப் பாருங்கள். மென்மையான அடிப்பாகம் உள்ள சாதாரண ட்ரெக்கிங் ஷூவில் எல்லா வகைக் கிராம்பானும் நிற்காது. முன்னும் பின்னும் விளிம்புப் பள்ளம் உள்ள விறைப்பான ஷூவில்தான் அந்தப் பள்ளங்களைக் கவ்விப் பிடிக்கும் முழுத் தானியங்கி வகை பொருந்தும். ஷூவையும் கிராம்பானையும் சேர்த்து வைத்துப் பார்க்காமல் தனித்தனியாக வாங்காதீர்கள். வாடகைக்கு எடுப்பதானாலும் அப்படியே.

இனி, யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று. பனியாற்றுப் பயணத்தில் ஆட்களைத் தோற்கடிப்பது பெரும்பாலும் பனி இல்லை, கல்தான். மலைச்சுவர்களிலிருந்து விழுந்த பாறைகளைப் பனியாறு சுமந்துகொண்டே வரும். இருபுறமும் நடுவிலும் அவை குவிந்து கிடக்கும். மொரெய்ன் என்பார்கள். பாகிஸ்தானின் காரகோர மலைத்தொடரில் கே2 மலையின் அடிவாரத்துக்கு இட்டுச் செல்லும் பால்டோரோ பனியாறு ஏறத்தாழ 63 கிலோமீட்டர் நீளம். அதில் நடக்கிறவர்கள் பல நாட்களைக் கல்மேட்டின் மீதே கழிக்கிறார்கள். அதற்கு அருகே பியாஃபோ, ஹிஸ்பர் என்ற இரு பனியாறுகள் 5,128 மீட்டர் உயரக் கணவாய் ஒன்றில் சந்தித்து, இரண்டுமாக 100 கிலோமீட்டருக்கு மேல் நீளுகின்றன. அங்கும் கல்லைத் தாண்டித்தான் வெண்பனிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு கல்லும் அசையும், அடியில் பனிக்கட்டி வழுக்கும், பாதை என்று ஒன்று இருக்காது, போன வருடம் இருந்த வழி இந்த வருடம் இருக்காது.

ஆகவே உடற்பயிற்சியையும் கல்லை மனதில் வைத்துச் செய்யுங்கள். குறைந்தது நான்கு மாதம் வேண்டும். ஓட்டம் நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. முதுகுப்பையில் ஐந்து கிலோவில் தொடங்கி மெல்ல மெல்லப் பத்துப் பன்னிரண்டு கிலோ வரை ஏற்றி, படிக்கட்டில் ஏறி இறங்குங்கள். இறங்குவதைச் சோம்பலாக விட்டுவிடாதீர்கள். தொடைத் தசைகள் கிழிவது ஏற்றத்தில் அல்ல, இறக்கத்தில். ஒற்றைக் காலில் நின்று பல் துலக்குங்கள், கணுக்காலுக்கு அதைவிட மலிவான பயிற்சி இல்லை. கடைசி இரண்டு மாதத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள்களில் ஆறேழு மணி நேரம் நடந்து பாருங்கள். ஒரு நாள் நடை யாருக்கும் வரும். நேற்று வலித்த காலோடு இன்று எப்படி நடக்கிறீர்கள் என்பதே சோதனை. பயணத்துக்குப் போடப்போகும் அதே ஷூ, அதே காலுறையோடு இந்த நடைகளைச் செய்தால் குதிகால் கொப்புளம் எங்கே வரும் என்பது முன்பே தெரிந்துவிடும். என் முதல் பயணத்தில் இரண்டு வாரத்துக்கு முன் வாங்கிய ஷூவைப் போட்டுக்கொண்டு போனேன். மூன்றாம் நாளுக்குப் பிறகு மலைகளை நான் பார்க்கவே இல்லை. என் குதிகாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து உயரம். இதில்தான் வழிகாட்டி உங்களை முழுக்க நம்பியிருக்கிறார், ஏனென்றால் உங்கள் தலைக்குள் இருக்கும் வலி அவருக்குத் தெரியாது. 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் உயர நோய் வரலாம். இளைஞர், முதியவர், ஓட்டப்பந்தய வீரர் என்ற பாகுபாடு அதற்கு இல்லை. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவில் தூங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை உயரம் கூட்டாமல் ஓர் இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் தரும் பொது விதி. பயணத் திட்டத்தைக் கையில் எடுத்து, ஒவ்வோர் இரவின் முகாம் உயரத்தையும் எழுதிக் கழித்துப் பாருங்கள். விதியை மீறும் இரவு இருந்தால் காரணம் கேளுங்கள். பனியாற்றில் நினைத்த இடத்தில் முகாம் போட முடியாது என்பதால் சில நேரம் நியாயமான காரணம் இருக்கும். நாளைக் குறைத்து விலையைக் குறைத்திருப்பதும் உண்டு.

தலைவலியோடு பசியின்மை, குமட்டல், தலைசுற்றல், வழக்கத்துக்கு மீறிய களைப்பு இவற்றில் ஒன்று சேர்ந்தால், வேறு காரணம் உறுதியாகும் வரை அதை உயர நோய் என்றே கொள்ள வேண்டும். அதற்கு மேல் ஏறக் கூடாது. நேர்கோட்டில் குதிகாலும் விரலும் தொடும்படி நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறவருக்கு மூளையில் நீர் கோத்திருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறவருக்கு நுரையீரலில். இரண்டுக்கும் முதல் மருந்து உடனே கீழே இறங்குவது, நடு இரவானாலும். முன்தடுப்பாக அசிட்டசோலமைடு மாத்திரையை மருத்துவர்கள் பரிந்துரைப்பது உண்டு. வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை. சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால் வீட்டிலேயே ஓரிரு நாள் சாப்பிட்டுப் பாருங்கள். விரல் நுனி மதமதக்கும், சிறுநீர் கூடும். மலையில் முதல்முறையாக இதை உணர்ந்தால் வீண் பீதி வரும்.

ஒரு பயணத்தில் எங்களோடு வந்த ஒருவர் இரண்டு இரவு தலைவலியை மறைத்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார். மற்றவர்களின் பயணம் தன்னால் கெட்டுவிடக் கூடாது என்ற நல்லெண்ணம். மூன்றாம் இரவு கூடாரத்தின் ஜிப்பைத் திறக்கத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தபோதுதான் பிடிபட்டார். நான்கு பேர் அவரைத் தாங்கிக்கொண்டு இருட்டில் மொரெய்னில் இறங்கினோம். முதல் இரவே சொல்லியிருந்தால் ஒரு நாள் ஓய்வோடு முடிந்திருக்கும். தினமும் காலையில் வழிகாட்டி "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பது உபசாரத்துக்காக அல்ல. "நன்றாக இருக்கிறேன்" என்று அனிச்சையாகச் சொல்லும் வழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

வெயிலைப் பற்றிப் பேசினால் பனியில் என்ன வெயில் என்பார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ பத்து சதவீதம் கூடுகிறது. புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கிறது. கதிர் கீழிருந்து வருவதால் தாடையின் அடிப்பாகம், மூக்குத் துளையின் உட்புறம், மூச்சிரைத்து வாயைத் திறந்து நடந்தால் மேலண்ணம்கூட வெந்துபோகும். வெயில் கண்ணாடி நான்காம் வகைக் கறுப்பு உடையதாக, பக்கவாட்டையும் மறைப்பதாக இருக்கட்டும். அது கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 3 முதல் 8 சதவீதத்தையே உள்ளே விடும். இந்தக் கதிரால் கண் வெந்துபோகும் பனிக்குருடு உடனே தெரியாது. பகலெல்லாம் சுகமாக இருந்துவிட்டு, இரவில் கண்ணுக்குள் மணலைக் கொட்டியது போல் எரியும். குழுவுக்கு ஓர் உபரிக் கண்ணாடி இருக்கிறதா என்று கேளுங்கள். பிளவுக்குள் முதலில் போவது அனேகமாக யாருடைய கண்ணாடியாவதுதான்.

துணிமணி பற்றி நீட்டப் போவதில்லை. பருத்தி வேண்டாம், நனைந்தால் உலராது. அடுக்கடுக்காகப் போடுங்கள், வேர்க்கும் முன் கழற்றுங்கள். காற்றில்லாத நாளில் பனிக்கிண்ணத்துக்குள் நடப்பது அடுப்புக்குள் நடப்பது போல் இருக்கும். மேகம் மறைத்த ஐந்தாவது நிமிடம் பல் கிட்டும். கையுறை மூன்று ஜோடி, மேல் ஜோடியை மணிக்கட்டோடு நாடாவால் கட்டிவிடுங்கள்.

இரவுக்குச் சற்று அதிகம் யோசிக்க வேண்டும். படுக்கைப்பையின் மீது இரண்டு மூன்று வெப்பநிலைகள் எழுதியிருப்பார்கள். "கம்ஃபர்ட்" என்று குறித்த எண்ணை மட்டும் நம்புங்கள், மற்றவை தாக்குப்பிடிக்கும் எல்லைகள். பனிக்கட்டி மீது படுக்கும்போது குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்துதான் அதிகம் வரும். காற்றடைத்த பாயின் அடியில் மடிக்கும் நுரைப்பாய் ஒன்றையும் போடுங்கள்; காற்றுப்பாய் ஓட்டையானாலும் அன்றிரவு பிழைப்பீர்கள். தூங்கப் போகும் முன் தண்ணீர் பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, காலுறைக்குள் நுழைத்து, படுக்கைப்பைக்குள் வைத்துக்கொண்டால் இரவில் கணப்பு, காலையில் குடிநீர். குழாய் வைத்த நீர்ப்பை உறைந்து அடைத்துக்கொள்ளும், நம்பாதீர்கள். போன், பேட்டரி, ஈரக் காலுறை, கண்வில்லை (காண்டாக்ட் லென்ஸ்) திரவம் எல்லாம் உங்களோடுதான் தூங்கும்.

மலம் கழிப்பது எப்படி என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, எல்லோருக்கும் அந்தக் கவலை இருக்கிறது. பிளவில் கழித்துவிட்டால் மறைந்துவிடும் என்ற நினைப்பு தவறு. 1966 ஜனவரி 24 அன்று ஏர் இந்தியாவின் "காஞ்சன்ஜங்கா" விமானம் ஆல்ப்ஸில் உள்ள மோன் பிளாங்க் மலையில் மோதியது. இந்திய அணு விஞ்ஞானி ஹோமி பாபா உயிரிழந்த விபத்து அது. அதன் சிதைவுகளைக் கீழே உள்ள போஸோன் பனியாறு இன்னமும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. 2020-ஆம் ஆண்டு, இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றியைத் தலைப்பாகப் போட்ட செய்தித்தாள்கள் ஏறக்குறைய படிக்கும் நிலையில் கிடைத்தன. பனியாறு எதையும் செரிப்பதில்லை, கீழே கொண்டுபோய்க் கொடுக்கிறது. அங்கே குடிநீர் எடுக்கும் ஊர் இருக்கும். கழிவைப் பையில் கட்டிக் கீழே கொண்டுவரும் ஏற்பாடு குழுவில் உண்டா என்று கேளுங்கள். கயிற்றில் பிணைந்திருக்கும்போது ஒதுங்குவதற்கும் கயிற்றை அவிழ்க்கக் கூடாது. கூச்சம் முதல் நாளோடு போய்விடும்.

ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டியவற்றை இப்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வழிகாட்டியின் தகுதி என்ன, ஒரு கயிற்றுக்கு எத்தனை பேர், அவசரத்தில் யாரை எதன்மூலம் அழைப்பார்கள், ஆக்சிஜன் இருக்கிறதா. மலை வழிகாட்டிகளின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 1965 முதல் இருக்கிறது. அதன் வட்டச் சின்னம் பெற நீண்ட பயிற்சியும் தேர்வும் உண்டு. எல்லா மலைநாட்டிலும் அப்படிப்பட்டவர் கிடைக்க மாட்டார். அப்போது அதே பனியாற்றில் எத்தனை முறை போயிருக்கிறார் என்பதே கேள்வி. இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் "மலை நடை" என்றிருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். பல பாலிசிகள் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செல்லாது, கயிறும் பனிக்கோடரியும் பயன்படுத்தினாலே செல்லாது என்று சிறிய எழுத்தில் வைத்திருக்கின்றன. பணத்துக்கு முன்னுறுதி இருந்தால்தான் மீட்பு ஹெலிகாப்டர் பறக்கும் என்ற பகுதிகளும் உண்டு. செயற்கைக்கோள் போனோ தகவல் கருவியோ கொண்டுபோக நினைத்தால் அந்த நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். இந்தியாவில் அனுமதியின்றி வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே பிடிபட்டிருக்கிறார்கள்.

இன்னொரு கேள்வி: சுமைதூக்குபவர்களுக்குக் கறுப்புக் கண்ணாடி, பனிக்கு ஏற்ற ஷூ, காப்பீடு யார் தருகிறார்கள்? இதற்குத் தடுமாறும் நிறுவனம், பிளவின் விளிம்பில் உங்களுக்காக என்ன செலவு செய்யும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் திரும்பும் டிக்கெட். 2022 ஜூலை 3 அன்று இத்தாலியின் மர்மொலாடா மலையில் பனியாற்றின் ஒரு பகுதி பிற்பகலில் உடைந்து சரிந்து 11 பேரைக் கொன்றது. முந்தைய நாள் உச்சியருகே 10 டிகிரி வரை வெப்பம் ஏறியிருந்தது. இப்போதெல்லாம் வழிகாட்டிகள் வானிலை கெட்டால் மட்டுமல்ல, வெயில் அளவுக்கு மீறி நன்றாக இருந்தாலும் கணவாயைக் கைவிடுகிறார்கள். அப்படிச் சொல்லும்போது குழுவில் முதலில் முரண்டு பிடிப்பவர், பயணம் முடிந்த மறுநாளே விமானம் ஏற வேண்டியவராக இருப்பார். திட்டத்தில் இரண்டு உபரி நாள்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்களே மூன்று நாள் தள்ளி டிக்கெட் எடுங்கள், அல்லது தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். எடுத்த பிறகு அதை வழிகாட்டியிடமும் சொல்லிவிடுங்கள்.